வெலிகமவுக்கு முன்னால் ஒரு கடல்

"அம்மிணி, நான் போறதா வேண்டாமா? பன்னண்டு மணிக்குள்ள சொல்லிப்போடு."

வேதநாயகி இப்படிக் கேட்டபோது மணி பத்தேகால். நாமக்கல்லில் பஸ் ஏறி, சென்னையில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து ஒரு மீனவக் குப்பத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். வயது நாற்பத்தாறு. தபால் ஆபீஸில் வேலை. ஒரு கையில் போன், இன்னொரு கையில் நோட்டு.

எதிரே மணலில் உட்கார்ந்திருந்தவள் கஜலட்சுமி. வயது இருபத்து நான்கு. அலைச்சறுக்குப் பலகையில் ஏறி நிற்கத் தானாகவே பழகியவள், இப்போது மற்றவர்களை ஏற்றிவிடுகிறாள். குப்பமே கஜா என்று கூப்பிடும். புயலுக்கு அந்தப் பெயர் வைத்தது பிற்பாடுதான், முந்தினவள் நான் என்பாள். பேச்சு குறைவு. அந்தக் குறைவான பேச்சையும் பாதியில் நிறுத்திவிடுவாள்.

"எங்க போறதாக்கா?"

"இலங்கைக்கு. வெலிகமன்னு ஒரு ஊரு. அங்க அலை சின்னதா இருக்குமாம், புதுசா பழகறவங்களுக்குத் தோதாம். வர்ற பதினாலாந்தேதி டிக்கெட்டு."

"போயிட்டு வா."

அவ்வளவுதான். கஜா குனிந்து பலகைக்கு மெழுகு தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

இந்த ஒரு பதிலுக்கா இத்தனை தூரம் வந்தோம் என்று வேதநாயகிக்குச் சுருக்கென்றது. நோட்டைத் திறந்தாள்.

நோட்டில் இல்லாதது எதுவும் இல்லை. கொழும்பில் எந்த பஸ், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது. சமைத்துக்கொள்ள இடம் தரும் மலிவான விடுதி எது. அங்கே கொண்டுபோக வேண்டிய பருப்புப்பொடி எவ்வளவு, புளிக்காய்ச்சல் எவ்வளவு. பலகையை விலைக்கு வாங்கக் கூடாது, வாடகைக்கு எடுத்தால் போதும். இது போக, படுக்கையறைத் தரையில் சாக்பீஸால் ஒரு பலகை வரைந்து, அதன்மேல் குப்புறப் படுத்துத் துள்ளி எழவும் பழகியிருந்தாள். தினம் ஐம்பது தடவை. தரை ஒருமுறைகூட ஆடவில்லை.

போன வருடம் பாலித் தீவுக்கு இதேபோல ஒரு நோட்டு எழுதினாள். அதற்கு முந்தின வருடம் மாலத்தீவுக்கு. இரண்டையும் கடைசி நாளில் ரத்து செய்தாள். ஆபீஸில் காய்ச்சல் என்று சொன்னாள். யாரும் நம்பவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அதுதான் அவளுக்கு அதிக அவமானமாக இருந்தது.

இந்த மூன்றாவதையும் ரத்து செய்தால், நான்காவது நோட்டை அவள் எழுதப்போவதில்லை. அது அவளுக்கே தெரியும். வருவதா இல்லையா என்று சொல்ல விடுதிக்காரர் கொடுத்த கெடு இன்றைக்கு மதியம் பன்னிரண்டு.

"அம்மிணி, கொஞ்சம் சந்தேகம் இருக்குது. ஒண்ணொண்ணா கேட்டுக்கறேன்."

"எத்தினி?"

வேதநாயகி பக்கங்களைப் புரட்டினாள். "ஒரு நாப்பது இருக்கும்."

"கேளுக்கா. ஆனா இங்க வேணாம். தண்ணிக்கு வந்து கேளு."

சொன்னவள் எழுந்து போயே போய்விட்டாள்.

வேதநாயகி செருப்பைக் கழற்றினாள். அதன்மேல் நோட்டையும் நோட்டின்மேல் போனையும் வைத்தாள். நான்கடி போய்விட்டுத் திரும்பி வந்து, போனை மண் படாதபடி துப்பட்டாவில் சுற்றி வைத்தாள்.

நுரை வந்து தொட்ட இடத்தில் நின்றாள்.

கடலோடு அவளுக்கு இருந்த பழக்கம் அவ்வளவுதான். கணுக்கால் வரைக்கும். சின்ன வயதில் குடும்பத்தோடு வந்தபோது எல்லோரும் வரிசையாகக் கைகோத்து நின்று, அலை வந்தால் 'ஓ'வென்று கத்திக் குதித்துவிட்டு, சுண்டல் தின்னப் போய்விட்டார்கள். நீச்சல் தெரியும், ஆனால் தோட்டத்துக் கிணற்றில் பழகிய நீச்சல். கிணறு யார் மேலேயும் வந்து விழாது.

கஜா முழங்கால் தண்ணீரில் நின்றாள்.

"அம்மிணி, அங்க சொல்லித் தர்றவரு இங்கிலீஷ்லதான் சொல்லுவாராம், அவரு ஒண்ணு சொல்லி நான் வேறொண்ணைப் புரிஞ்சுட்டு, எழுந்திருக்கச் சொன்னா படுத்து, படுக்கச் சொன்னா எழுந்து..."

கஜா காதுக்குப் பின்னால் கையை வைத்தாள். "கேக்கலக்கா! கடலு கத்துது! கிட்ட வா!"

வேதநாயகி கிட்டே போனாள். முழங்கால் நனைந்தது. அதற்குள் கஜா இடுப்புத் தண்ணீருக்குப் போயிருந்தாள்.

"அவரு சொல்றது புரியலீன்னா என்ன பண்றது?"

"கேக்கல!"

இவள் வேண்டுமென்றே செய்கிறாள் என்று வேதநாயகிக்குப் பட்டது. உண்மையும் அதுதான். ஆனால் மணி ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் நான்கு எட்டு வைத்தாள். காலுக்கடியில் மணல் உருவிக்கொண்டு போனது.

"பலகை வந்து மண்டையில அடிச்சுட்டா?"

இது கேட்டுவிட்டது போலிருக்கிறது. கஜா இரண்டு கைகளையும் தூக்கித் தலையைக் கட்டிக்கொண்டு காட்டினாள். வேதநாயகியும் அதேபோல் கட்டிக்கொண்டு பார்த்தாள். கஜா தலையாட்டினாள். பிறகு இன்னும் இரண்டு எட்டு பின்னால் போனாள்.

"முழுகிட்டா?"

"கேக்கல!"

"முழுகிட்டா!"

ஒரு சின்ன அலை வந்து அந்தக் கேள்வியை வாயிலேயே அடித்தது. வேதநாயகி இருமினாள், துப்பினாள், கரையைத் திரும்பிப் பார்த்தாள். துப்பட்டா ஒரு பொட்டாகத் தெரிந்தது. இத்தனை தூரம் வந்துவிட்டோமா என்று குலை நடுங்கியது. இன்னும் முப்பத்தைந்துக்கு மேல் கேள்வி பாக்கி இருந்தது. ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

அவளுக்குக் கோபம் வந்தது. கஜாவின் மேலா, கடலின் மேலா, தன் மேலேயா என்று தெரியாத கோபம். அது வந்த வேகத்திலேயே கரைந்து, அடியிலிருந்து வேறொன்று மேலே வந்தது. கஜாவிடம் சொல்லவில்லை. தனக்குத்தானே முனகினாள்.

"எனக்குப் பயமா இருக்குது."

"இது கேட்டுச்சு" என்றாள் கஜா.

வேதநாயகி நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியது.

"இந்த வயசுல போயி, நாலு பேரு பாக்க, தொபுக்குன்னு விழுந்து... என்னைய என்னன்னு நெனைப்பாங்க அம்மிணி? விழறதுக்குக் காசு குடுத்து ப்ளேன் ஏறி வந்தாளான்னு சிரிக்க மாட்டாங்களா?"

"அக்கா, என் பின்னால பாரு."

பார்த்தாள். இதுவரை வந்த அலையெல்லாம் குட்டிகள். இது தாய். உருண்டு, நிமிர்ந்து, பச்சையாக வந்துகொண்டிருந்தது.

வேதநாயகி சட்டென்று கையை நீட்டினாள்.

கஜா பிடிக்கவில்லை. ஒரு கை தூரத்தில், அவளையே பார்த்தபடி நின்றாள்.

தண்ணீர் தலைக்கு மேல் போனது. காதில் இருந்த இரைச்சல் நின்றது. உடம்பு ஒரு புரட்டு புரண்டது. எது மேல், எது கீழ் என்று புரியவில்லை. கைகள் இரண்டும் யாரும் சொல்லாமலே தலையைக் கட்டிக்கொண்டன. உள்ளங்காலில் மணல் தட்டியது. ஊன்றி எழுந்தாள்.

தண்ணீர் இடுப்புக்குத்தான் இருந்தது.

மூக்குக்குள் உப்பு எரிந்தது. முடி முகமெல்லாம் அப்பியிருந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. கரையில் மணி என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பும் வரவில்லை.

கஜா நீந்தி வந்து அவளுக்கு எதிரே எழுந்து நின்றாள்.

"இன்னா கேக்கணும்க்கா? கேளு."

வேதநாயகி முகத்து முடியை ஒதுக்கினாள். கஜாவின் தோளுக்கு மேலே எட்டிக் கடலைப் பார்த்தாள்.

"அடுத்தது எப்ப வரும்?"

கடலை மறைத்துக்கொண்டு நின்ற கஜா, நகர்ந்து வழிவிட்டாள்.