ஒரே வயல் சோறு

செங்கோட மகாராஜா நல்லவர்தான். என்ன, காதில் விழுந்ததையெல்லாம் நம்பிவிடுவார், மனதில் தோன்றியதையெல்லாம் சட்டமாக்கிவிடுவார். ஒருநாள் அவருக்கு ஒரு யோசனை தோன்றித் தொலைத்தது. என் வயல், உன் வயல் என்று எதற்குச் சண்டை? வரப்பையெல்லாம் வெட்டி எறியுங்கள், இனி நாடே ஒரே பொது வயல், எல்லோரும் ஒருவரையொருவர் பங்காளி என்றே கூப்பிட வேண்டும், அரசன் என்னையும் சேர்த்துத்தான் என்று ஆணை போட்டுவிட்டார்.

வரப்பு போனால் தண்ணீர் நிற்குமா? மேட்டில் பயிர் காய்ந்தது, பள்ளத்தில் அழுகியது. எல்லோருக்கும் சொந்தமான களையை யார் பிடுங்குவது என்று பங்காளிகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆனால் முரசு மந்திரி அம்பலவாணர் லேசுப்பட்ட ஆளா? விளைச்சல் மும்மடங்கு என்று தெருத்தெருவாக முரசறைந்தார். இல்லையே என்று முனகியவர்களைச் சிறையில் தள்ளினார்.

விளைச்சலைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ராஜா கிளம்பினார். மந்திரி முந்திக்கொண்டார். சுற்று வயல்களில் தப்பித்தவறிக் கதிர் பிடித்து நின்ற பயிரையெல்லாம் வேரோடு பிடுங்கவைத்து, ராஜபாட்டை ஓரத்து வயல் ஒன்றில் நெருக்கி நெருக்கி நடவைத்தார். யானைமேல் வந்த ராஜா வாயைப் பிளந்துவிட்டார். இந்த ஒரு வயலே அரண்மனைக்கு வருஷம் முழுக்கச் சோறு போடும் என்று அளந்துவிட்டார் மந்திரி.

"இவ்வளவு விளையும்போது மக்களுக்கு விதைநெல் எதற்கு? எல்லாவற்றையும் அரண்மனைக் களஞ்சியத்தில் சேருங்கள்" என்றார் ராஜா.

கூட்டத்தில் வெள்ளச்சி என்ற உழவுக்காரியும் நின்றிருந்தாள். அவள் வீட்டில் மிச்சமிருந்தது வைக்கோல் சுற்றிக் கட்டிய ஒரே ஒரு விதைக்கோட்டைதான். பக்கத்தில் நின்ற அரண்மனை விகடகவி ஆதிமூலத்தின் துண்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, அதுவும் போயிட்டா எதை விதைப்பேன்? எம் பிள்ளைங்க பட்டினி கிடந்தே செத்துரும்."

ஆதிமூலம் யோசித்தார். உண்மையைச் சொன்னால் சிறை. பொய்யையே பிடித்துக்கொள்வோம் என்று முன்னால் போய்க் கும்பிட்டார். இந்த ஒரு வயலே அரண்மனைக்குப் போதும் என்று மந்திரியே சொல்லிவிட்டார், அப்புறம் ஏழைகளின் விதைநெல் எதற்கு, அரண்மனை இந்த வயல் நெல்லை மட்டுமே உண்ணும் என்று அறிவித்தால் மகாராஜாவின் புகழ் எங்கேயோ போய்விடுமே என்றார்.

"போதுமா, மந்திரி?"

போதாது என்றால் குட்டு உடைந்துவிடும். போதும் என்று தலையாட்டினார் அம்பலவாணர். ராஜா பூரித்துப்போய் அப்படியே ஆணையிட்டார். விதைக்கோட்டை தப்பியது.

பிடுங்கி நட்ட பயிர் எத்தனை நாள் நிற்கும்? மந்திரியின் முரசு ஓயவில்லை, வயல்தான் அழுகிப்போனது. அறுவடை நாள் வந்தது. புதுநெல் விருந்துக்கு ராஜா நல்ல பசியோடு உட்கார்ந்தார். வாழை இலை போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். பக்கத்தில் முரசு அடித்தார்கள். அதோடு சரி.

"சோறு எங்கே?"

"ஆணைப்படி அந்த வயல் சோறுதான், மகாராஜா. நாட்டு மக்கள் இத்தனை நாளாக இதைத்தான் சாப்பிடுகிறார்கள்" என்றார் ஆதிமூலம்.

ராஜாவுக்கு மீசை துடித்தது. மந்திரியைப் பார்த்தார், மந்திரி தரையைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது. அவமானத்தில் தலைகுனிந்தார். அப்போது அவர் வயிறே முரசைவிடச் சத்தமாகக் கத்த, தன்னை மறந்து சிரித்துவிட்டார். சிறையில் கிடப்பவர்களைத் திறந்துவிடுங்கள், அவரவர் வயலை அவரவருக்கே கொடுங்கள், வரப்புக்கு மண் சுமக்க மந்திரியை அனுப்புங்கள் என்றார். ஆதிமூலத்துக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார்.

"மாலை இருக்கட்டும், மகாராஜா. முதலில் பசியாறுங்கள்" என்று வாசல் பக்கம் கைகாட்டினார் ஆதிமூலம்.

தப்பிய விதைநெல்லில் ஒரு பிடி குத்திக் காய்ச்சிய கஞ்சிக் கலயத்தோடு வெள்ளச்சி வந்தாள். ராஜா இரண்டு கையாலும் வாங்கி மடமடவென்று குடித்தார். கலயம் காலியாவதைப் பார்த்து அவள் ஆணை தவறாமல் கேட்டாள்:

"இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுமா, பங்காளி?"