நனைந்த முரசும் நாலு பேர் பேச்சும்

எந்த நாடு, எந்த வருடம் என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் போர் வந்தது. எப்படியோ எதிரியை விரட்டிவிட்டார்கள். ஆனால், எதிரி கோட்டைக்குள் நுழைந்த அந்த இருட்டு விடியலை மட்டும் அரசரால் மறக்க முடியவில்லை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. போர்முரசு ஒலிக்கவே இல்லை. படைவீரர்கள் தூக்கத்திலேயே பிடிபட்டார்கள்.

முரசுக்காரன் சாத்தன் எதிரிக்கு விலைபோய், முரசுத் தோலில் தண்ணீரை ஊற்றிவிட்டான் என்று பேச்சு கிளம்பியது. முதலில் ஒரு மோதிரம் வாங்கினான் என்றார்கள். அடுத்த மாதம் அது குடம் நிறையப் பொன்னாயிற்று. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் யானை மேல் ஏற்றியிருப்பார்கள். பொன்னை ஒருவரும் பார்க்கவில்லை. அதனால் என்ன, கதை நன்றாக இருந்தது!

அரசருக்கு ஓர் ஆசை பிறந்தது. அந்தச் சதிக் கதையைக் கோட்டை வாசலில் கல்லில் வெட்ட வேண்டும். முடிந்ததும் சாத்தன் தலையை வெட்ட வேண்டும். வாசகம் எழுதும் வேலையை விகடகவி வெண்காடனுக்குக் கொடுக்கச் சொன்னவர் தளபதி கடம்பராயர். எழுதினால் பாவம், மறுத்தால் ராஜத்துரோகம். அரசரின் செல்லப்பிள்ளையான வெண்காடன் ஒழிந்தான் என்று அவருக்கு உள்ளூரக் கொண்டாட்டம்.

வெண்காடன் சிறைக்குப் போய்ச் சாத்தனைக் கேட்டான்.

"சாமி, கை வலிக்க வலிக்க அடிச்சேன். மழையில தோலு ஊறிப்போச்சு. வைக்கோலைக் கொளுத்திக் காய வச்சாத்தான் அது பேசும். பொட்டு நெருப்பு கூடாதுன்னு தளபதி உத்தரவு போட்டிருந்தாங்களே!" என்று அழுதான் சாத்தன்.

வெண்காடன் வெளியே வந்தான். அன்றும் மழைதான். முரசை அரண்மனை முற்றத்தில் வைக்கச் சொல்லிவிட்டு, அது நன்றாக நனைந்த பிறகு சபைக்குப் போனான்.

"தளபதியாரே, சாத்தன் தண்ணீர் ஊற்றியதைப் பார்த்தது யார்?"

"நானே என் கண்ணால் கண்டேன்."

"கும்மிருட்டாயிற்றே, எந்த வெளிச்சத்தில்?"

"பந்தத்தின் வெளிச்சத்தில்."

அரசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எதிரி கண்ணில் படக்கூடாதென்று நெருப்பையெல்லாம் அணைத்துவிட்டதாகச் சொன்னீரே?"

கடம்பராயர் திருதிருவென்று விழித்தார். "அது... கண்டவர்கள் சொன்னார்கள், அரசே. அது கிடக்கட்டும். அடித்தால் முரசு ஒலிக்கும். ஒலிக்காவிட்டால் அடித்தவன் துரோகி. இதற்குச் சாட்சி எதற்கு?"

"நியாயம்தானே?" என்றார் அரசர்.

"மிகவும் நியாயம். அதையே கல்லில் வெட்டலாம். தாங்கள் திருக்கரத்தால் முரசை அடித்துத் தொடங்கிவையுங்கள்" என்றான் வெண்காடன்.

முரசு வந்தது. அரசர் கோலை ஓங்கி அடித்தார். "தொப்" என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை அடித்தார். மறுபடியும் "தொப்".

வெண்காடன் பணிவாகக் கைகட்டி நின்றான். "அரசே, எதிரி தங்களுக்கு எவ்வளவு கொடுத்தான்?"

கடம்பராயரின் கை வாளுக்குப் போயிற்று. அரசர் முரசைப் பார்த்தார், கோலைப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சாத்தனை வரவழைத்தார்கள். அவன் வைக்கோல் தீயில் தோலைக் காயவைத்து ஓர் அடி அடித்தான். தூண்களெல்லாம் அதிர்ந்தன.

"அப்படியானால் சதி செய்தவர் தளபதியா?" என்றார் அரசர்.

"இல்லை அரசே. அவர் நெருப்பை அணைத்ததில் தவறில்லை. மழை பெய்தது, அவ்வளவுதான். தெரிந்தும் பழியைச் சாத்தன் மேல் போட்டாரே, அதுதான் தவறு."

கடம்பராயர் தலைகுனிந்தார். சாத்தன் விடுதலையானான். அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி வெண்காடன் கழுத்தில் போட்டார்.

"இன்னும் என்ன வேண்டும், கேள்."

"சதியை வெட்டக் கொண்டுவந்த கல் சும்மா கிடக்கிறது, அரசே. அதை வைத்து முரசுக்கு ஒரு மண்டபம் கட்டிக்கொடுங்கள். அதன் இடம் இன்னமும் கூரையில்லாத வெட்டவெளிதான்."