பதினெட்டாவது கோப்பு

காலை பத்தே காலுக்கு மேசையில் பதினெட்டுக் கோப்புகள் இருந்தன. பதினேழைக் குழந்தைவேலு எதிர்பார்த்திருந்தார். பதினெட்டாவது அவருடைய சொந்தக் கோப்பு.

"சார், உங்களுதுதான். நான் பார்த்துட்டேன். எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிட்டேன். நீங்க ஒரு கையெழுத்து போட்டா மேலே போயிரும்" என்றார் உதவிப் பிரிவு அலுவலர் ஷமீம். சொல்லிவிட்டு மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்தார். தாள் பறக்கக் கூடாது என்று அக்கறை.

அரசு ஊழியர் வேலை நிமித்தம் வெளிநாடு போக வேண்டுமானால் தலைமைச் செயலகத்தின் பயணப் பிரிவைத் தாண்டித்தான் போக வேண்டும். அழைத்தது யார், செலவு யாருடையது, மேலிடத்துச் சம்மதம் இருக்கிறதா, வெள்ளை அட்டை போட்ட அலுவல் பாஸ்போர்ட் எடுத்தாயிற்றா என்று பார்த்து மேலே அனுப்புவது பிரிவு அலுவலர் குழந்தைவேலுவின் வேலை. பல வருஷமாகப் பார்க்கிறார். எத்தனையோ பேரை ஜெனீவாவுக்கும் டோக்கியோவுக்கும் அனுப்பியிருக்கிறார். ஐம்பத்தாறு வயதில் அவர் போன மிகத் தொலைவான ஊர் ஹைதராபாத். அதுவும் கணக்குப் பயிற்சிக்கு.

இப்போதுதான் முதல் தடவையாக அவர் பெயர் வந்திருந்தது. பிப்ரவரியில் கோலாலம்பூரில் கயிறு, பனைப்பொருள் கண்காட்சி. துறையிலிருந்து போகும் குழுவோடு ஏற்பாடுகளைக் கவனிக்க ஓர் அலுவலர் வேண்டும். குழந்தைவேலுவைப் போட்டார்கள். கண்காட்சி முடிந்ததும் மூன்று நாள் விடுப்பு சேர்த்துக் கேட்டிருந்தார்.

அந்த மூன்று நாளுக்காகத்தான் எல்லாமே. ஈப்போவில் அவருடைய அண்ணன் முத்துக்கண்ணு இருந்தார். இருபத்திரண்டு வயதில் சாப்பாட்டுக் கடை வேலைக்குப் போனவர், அங்கேயே குடும்பமாகிவிட்டார். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. அக்டோபரில் கைப்பேசியில் பேசி அனுப்பியிருந்தார். "தம்பி, வாரம் மூணு நாளு மிசின்ல உக்காத்தி வெச்சிடறானுங்க. பேச்சு இருக்கறப்பவே ஒரு தடவை வந்துட்டுப் போடா."

சொந்தச் செலவில் அப்போதே போயிருக்கலாம். அதற்கென்று எடுத்த சாதாரண பாஸ்போர்ட் நான்கு வருஷமாக பீரோவில் கிடந்தது. கண்காட்சிப் பேச்சு வந்ததும், எப்படியும் போகத்தானே போகிறோம் என்று இருந்துவிட்டார். வெள்ளைப் பாஸ்போர்ட் கொடுக்கும்போது சாதாரணத்தை ஒப்படைத்துவிட வேண்டும். ஒருவர் கையில் இரண்டு இருக்கக் கூடாது. நவம்பரில் அதை ஒப்படைத்தார். வெள்ளையை வைத்துக்கொண்டு சொந்த வேலையாகப் போக முடியாது. ஆக, அண்ணனைப் பார்க்க இருந்த ஒரே வழி அந்தப் பதினெட்டாவது கோப்பு.

வழக்கமாக ஒருவருடைய கோப்பை அவரே பார்ப்பதில்லை. பக்கத்துப் பிரிவு அலுவலர் பார்ப்பார். அந்த நாற்காலி ஒன்பது மாதமாகக் காலி. கூடுதல் பொறுப்பு குழந்தைவேலுவுக்கு.

அந்தப் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கேள்வியாவது எழுதாமல் எந்தக் கோப்பும் மேலே போகாது. விதியில் அப்படி எதுவும் இல்லை. யார் ஆரம்பித்தது என்றும் தெரியாது. கேள்வி கேட்காமல் அனுப்பியவரை நாளைக்குத் தணிக்கைக்காரர்கள் கேள்வி கேட்பார்கள் என்று ஒரு பயம், அவ்வளவுதான்.

போன வருஷம் கால்நடை மருத்துவர் ஜெபசீலியின் கோப்பு வந்தது. ஆட்டுக்கொல்லி நோயைப் பற்றிப் பேச நைரோபிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாத் தாளும் இருந்தது. குழந்தைவேலு ஒரு முற்பகல் முழுக்கப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'இரண்டாம் நாள் மதிய உணவை வழங்குவோர் யார் எனத் தெளிவுபடுத்தலாம்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். தெளிவு வந்து சேருமுன் மாநாடு முடிந்துவிட்டது. நிகழ்வு முடிந்ததால் கோப்பும் முடிக்கப்பட்டது. அந்த மாத அறிக்கையில் அது பைசலான கோப்புகளில் ஒன்று.

பிறகு வேறு வேலையாக வந்த அந்த அம்மா அவர் மேசை அருகே நின்றார். சண்டைக்கு வரவில்லை.

"சார், அந்த ரெண்டாம் நாள் சாப்பாடு யாரு போட்டாங்கன்னு கடைசில தெரிஞ்சுதா? நல்லா இருந்துச்சாமா?"

பிரிவே சிரித்தது. குழந்தைவேலுவும் சேர்ந்துதான் சிரித்தார். சாயங்காலம் பேருந்தில் அது சிரிப்பாக இல்லை.

மறுநாள் மங்களநாயகியின் அறைக்குப் போனார். மங்களநாயகி சார்புச் செயலாளர். நேரடித் தேர்வில் வந்தவர், குழந்தைவேலுவைவிட ஏழு வயது சின்னவர். வேலை என்று குழந்தைவேலு கற்றது பாதி அவரிடம்தான். ஆனால் எதையும் அவர் நேராகச் சொல்லிக்கொடுத்ததில்லை. அதனால் அந்த அறைக்கு மடம் என்று பெயர். குழந்தைவேலு எழுந்து நடந்தால் ஷமீம், "சீடர் புறப்பட்டாச்சு, கமண்டலத்தை எடுத்துக் குடுங்கப்பா" என்பார்.

"தப்பே இல்லாத ஃபைல் வந்தாலும் ஏன் மேடம் ஒரு கேள்வி எழுதறோம்?" என்று அன்று கேட்டார்.

மங்களநாயகி கண்ணாடியைக் கழற்றினார். "காலையில வாசல்ல பையைத் திறந்து காட்டினீங்களா, சார்?"

"காட்டினேன்."

"உள்ளே என்ன இருந்துச்சு?"

"சாப்பாட்டு டப்பா."

"காவலர் பார்த்தாரா?"

குழந்தைவேலு யோசித்தார். "பார்க்கலை. நான் திறந்தேன். அவர் தலையை ஆட்டினார்."

"நாளைக்கும் திறப்பீங்க இல்ல?" என்றுவிட்டு அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தார். குழந்தைவேலுவுக்கு அது பாதி புரிந்தது. பாதி புரிந்ததே போதும் என்று விட்டுவிட்டார். பிரிவில் கேள்விகள் முன்போலவே எழுதப்பட்டன.

இப்போது தன்னுடைய கோப்பை எடுத்துக்கொண்டு அதே அறைக்குப் போனார். பின்னால் கமண்டலம் பற்றிய பேச்சு கேட்டது. அவர் திரும்பவில்லை.

"மேடம், என் ஃபைல் எங்கிட்டயே வந்திருக்கு."

"வேற ஆள் இல்லையே."

"நான் என்ன பண்ணட்டும்?"

மங்களநாயகிக்கு முன்னால், குழந்தைவேலுவின் மேசையில் இருந்ததைப்போல் இரண்டு மடங்கு கோப்புகள். அண்ணன் விஷயம் அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்தார். சன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை, குளிர்சாதனப் பெட்டிகளின் முதுகுதான்.

"வேற ஒருத்தர் ஃபைலா இருந்தா என்ன பண்ணுவீங்களோ, அதையே இதுக்கும் பண்ணுங்க."

குழந்தைவேலு இடத்துக்குத் திரும்பினார். மற்ற பதினேழையும் முடித்துவிட்டு மத்தியானம் அதை எடுத்தார். முதல் தாளிலிருந்து படித்தார். குறை இல்லை. குறை இல்லாததே உறுத்தியது. கேள்வி இல்லாமல் போன ஒரே கோப்பு தன்னுடையது என்று நாளைக்கு ஒருவர் சொன்னால்? வேறொருவருடைய கோப்பாக இருந்தால் இந்த இடத்தில் எதைக் கேட்பேன் என்று யோசித்தார். கை பழகிய கை. எழுதிவிட்டது.

'பயணத்துடன் இணைத்துக் கோரப்படும் மூன்று நாள் விடுப்பின் அவசியம் குறித்து விண்ணப்பதாரரிடம் விளக்கம் பெறலாம்.'

ஷமீம் அதைப் படித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். "சார், விண்ணப்பதாரர் நீங்கதானே? இங்கேயே சொல்லிடுங்களேன், நான் கேட்டுக்கறேன்."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். அப்படிச் செய்ய வழியில்லை என்பது அவருக்கும் தெரியும். கேள்வி எழுதப்பட்டால் கோப்பு மூன்றாம் மாடியில் ஊழியர் விடுப்பைப் பார்க்கும் பணியமைப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். அவர்கள் மெமோ போட வேண்டும். குழந்தைவேலு பதில் எழுத வேண்டும். ஒரு வாரத்து வேலை, கண்காட்சிக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது என்று கணக்குப் போட்டார்.

கேள்வி தனியாக ஊருக்குப் போவதில்லை. போன இடத்தில் துணை தேடிக்கொள்ளும். பொங்கல் விடுமுறை முடிந்து மெமோ வந்தபோது அதில் இரண்டு கேள்விகள் இருந்தன. விடுப்பு எதற்கு என்பது ஒன்று. விடுப்பில் தங்குமிடமாகக் காட்டியிருக்கும் வீட்டுக்காரர் முத்துக்கண்ணு என்பவர் விண்ணப்பதாரரின் அண்ணன்தான் என்பதற்கு ஆதாரம் என்ன என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கு அன்றே பதில் எழுதிக் கொடுத்தார். 'அண்ணனைப் பார்க்க.' இரண்டாவதுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. முத்துக்கண்ணு வீட்டிலேயே பிறந்தவர், பிறப்பு பதிவாகவில்லை. படித்த பள்ளிக்கூடத்தில் எழுதிக் கேட்டார். அங்கே பழைய பதிவேடுகள் வெள்ளத்தில் போய்விட்டன என்று பதில் வந்தது. அண்ணன் மகன் மலேசிய அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பினான். வெளிநாட்டு ஆவணம், சான்றொப்பம் இல்லை என்று அது திரும்பியது.

பிப்ரவரி முதல் வாரம் மறுபடி மடத்துக்குப் போனார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அந்தக் கேள்வியை எடுத்துட முடியாதா மேடம்?"

"எழுதினவர் எடுக்கலாம்."

"எழுதினவன் நான்."

"பதில் சொல்ல வேண்டியவர்?"

"அதுவும் நான்தான்."

 மத்தியானம் மங்களநாயகி மூன்றாம் மாடிக்கு ஏறிப் போனதாக அலுவலக உதவியாளர் வந்து சொன்னார். மின்தூக்கி ஓடவில்லை, மேடத்துக்கு முட்டிவலி வேறு. அங்கே நாற்காலி போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். கேள்வி பதிவில் ஏறிவிட்டது, பதிலும் பதிவில் ஏறாமல் கோப்பு நகராது, அதுவும் பிரிவு அலுவலரே தன் கோப்பில் சந்தேகப்பட்டு எழுதியிருக்கும்போது நாங்கள் எப்படிச் சும்மா விடுவது என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

"சார், உங்க மேலே உங்களுக்கே சந்தேகமான்னு அங்கே சிரிக்கறாங்க" என்றார் உதவியாளர். கேலியாகச் சொல்லவில்லை.

பயண ஆணையும் விடுப்பும் ஒரே ஆணை. ஆணை கையில் இல்லாதவர் விமானம் ஏற முடியாது. குழு ஓர் ஆள் குறைவாகப் போய்ச் சேர்ந்தது.

கண்காட்சியின் இரண்டாம் நாள் முத்துக்கண்ணு போய்விட்டார். அண்ணன் மகன் கைப்பேசியில் காட்டினான். குழந்தைவேலு நடைபாதையில், பழைய பீரோக்கள் அடுக்கிவைத்த இடத்தில் நின்று பார்த்தார். படம் அடிக்கடி உறைந்து நின்றது. அண்ணன் முகத்தைக் காட்டும்போதும் நின்றது. அதனால் கொஞ்சம் அதிக நேரம் பார்க்க முடிந்தது.

அவர் தலைமுழுகிவிட்டு, இரண்டு நாள் கழித்து வேலைக்கு வந்தார். ஷமீம் எழுந்து நின்றார். குழந்தைவேலு மேசைக்குப் போகாமல் நேரே மங்களநாயகியின் அறைக்குப் போனார். அன்றைக்குக் கமண்டலப் பேச்சு இல்லை.

மங்களநாயகி தேநீர் வரவழைத்தார். அது மேசைமேலேயே ஆறியது.

"நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன் மேடம். வேற ஒருத்தர் ஃபைலா நினைச்சுப் பாருங்கன்னீங்க. அப்படித்தான் பார்த்தேன்."

"ஆமா."

"அன்னைக்கே, போட்டு அனுப்புய்யான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்" என்றார் மங்களநாயகி. "நானும் ரெண்டு நாளா அதைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன்."

குழந்தைவேலு அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கோப்பையை நகர்த்தி வைத்தார். "அப்போ எங்கே தப்பு நடந்துச்சு? நீங்க சொன்னது தப்பா, நான் செஞ்சது தப்பா?"

மங்களநாயகி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கண்ணாடி இல்லாத அந்த முகத்தில் வயது தெரிந்தது.

"இன்னைக்கு உங்க மேசையில எத்தனை ஃபைல் இருக்கு, சார்?"

கதவு திறந்துதான் இருந்தது. குழந்தைவேலு திரும்பிப் பார்த்தார். ஷமீம் அடுக்கிவைத்திருந்தது அங்கிருந்தே தெரிந்தது.

"பதினாலு."

"அந்தப் பதினாலு பேர்ல எத்தனை பேருக்கு அண்ணன் இருக்காங்க?"

குழந்தைவேலு எழுந்து தன் மேசைக்குப் போனார்.

மார்ச் 18ஆம் தேதி அவர் வெள்ளைப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தார். அதில் எந்தப் பக்கத்திலும் முத்திரை இல்லை.