பூஜ்ஜியம் சதுர அடி

சிரிப்பு வரும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் சீடர் புலம்பி முடிக்கட்டும்.

“குருவே, ஆபரேஷன் தியேட்டர் காணாமப் போச்சுங்க!”

சீடர் தெய்வசிகாமணிக்கு ஐம்பத்திரண்டு வயது. கோயமுத்தூரில் பாதிக் கட்டடம் அவர் கைபட்ட பிளான். குரு நிலோஃபருக்கு இருபத்திரண்டு. அவருக்குப் புரோகிராம் எழுதக் கற்றுத் தருபவள்.

கணினியில், கட்டப்போகும் ஒரு மருத்துவமனையின் மாடல். அவர் எழுதிய முதல் புரோகிராம் அதனிடம் அறை அறையாகப் போய்ப் பரப்பளவு கேட்டது. எல்லா அறையும் ஒழுங்காகப் பதில் சொன்னது. தியேட்டர் மட்டும் ‘பூஜ்ஜியம்’ என்றது.

மூன்று மணிக்கு அதைக் கட்டும் டாக்டரம்மா பார்க்க வருகிறார். சொதப்பினால் முதலாளி, “உங்களுக்கு எதுக்குங்ணா இதெல்லாம்?” என்று பழையபடி ஸ்கேலைக் கையில் கொடுத்துவிடுவார்.

நிலோஃபர் டாக்டரம்மாவின் குரலுக்கு மாறினாள். “ஏனுங்க, பேஷண்டை மடிச்சு வெச்சுத்தான் ஆபரேஷன் பண்ணோணுங்களா?”

“வெளையாடாதீங்க குருவே! புரோகிராமை வரிவரியாப் பாத்துட்டனுங்க. தப்பே இல்ல.”

“தப்பு இல்லதான் சார். அது ஒரு ரகசியம். மீட்டிங் ரூமுக்கு வாங்க.”

போனார்கள்.

“கதவைச் சாத்துங்க.”

சாத்தினார்.

“வெளிச் சத்தம் கேக்குது.”

தாழ்ப்பாள் போட்டார்.

“இன்னும் கேக்குது.”

கைக்குட்டையைச் சுருட்டிக் கதவிடுக்கில் செருகினார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மொத்த ஆபீசும் வேலையை விட்டுவிட்டு அவரையே பார்த்தது. ரிசப்ஷன் பெண் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இப்பங்க?”

“இப்பவும்.”

“என்னங்க அநியாயம்! எல்லாப் பக்கமும் அடைச்சாச்சே!”

அப்போது டீக்கார செல்லப்பன் தட்டோடு கண்ணாடிச் சுவருக்குள் புகுந்து நேராக வந்தார்.

“அண்ணா, டீ. சக்கரை கம்மி.”

தெய்வசிகாமணி டீயைப் பார்த்தார். செல்லப்பன் வந்த வழியைப் பார்த்தார். கையை நீட்டினார். கை போய்க்கொண்டே இருந்தது.

விரிசல் விட்ட கண்ணாடியைக் காலையிலேயே கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவர்தான் மானிட்டரை விட்டுத் தலை நிமிரவே இல்லையே.

அடக்கி வைத்திருந்த ஆபீஸ் வெடித்துச் சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடி நின்றார்.

“குருவே… தியேட்டர்…”

“சொல்லுங்க சார்.”

“சுவருங்க! எங்கியோ ஒரு மூலைல சுவரும் சுவரும் சேராம நிக்குதுங்க! அடைபடாத ரூமுக்குக் கம்ப்யூட்டர் எப்படிங்க பரப்பளவு சொல்லும்!”

கண்ணாடி இல்லாத வழியாகவே பாய்ந்து கணினிக்கு ஓடினார்.

கதவில் போட்ட தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.