எரிய மறுத்த கப்பல் சுருட்டு

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. எங்கே என்று இப்போதே கேட்டால் கிடைக்காது. ஒரு சுருட்டு ஒழுங்காக எரிந்தால்தான் அது வெளியே வரும். அந்தச் சுருட்டோ எரிய மாட்டேன் என்கிறது. அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கொள்ளிடக் கரையில் ஓட்டம் நின்றுபோன ஒரு பம்பு கொட்டகை. அங்கே வேலம்மை இருந்தார். வயது நாற்பத்து நான்கு. உறையூரில் இருபது வருஷம் சுருட்டுச் சுற்றிய கை. ஒருநாள் சுற்றுவதை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டவர்களிடம், "கால் மரத்துப் போச்சு" என்றார். அதில் ஏதோ உட்பொருள் இருக்கிறது என்று கேட்டவர்கள் மறுபடி வந்தார்கள். அப்படித்தான் குருவானார்.

அவரிடம் ஒரே ஒரு விதி. கேள்வி கொண்டு வருகிறவர் சுருட்டும் கொண்டு வர வேண்டும். அது எரியும் வரை பேச்சு. அணைந்தால் பேச்சும் அணைந்தது. திரும்பப் பற்றவைக்கும் வழக்கமில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை வரலாம்.

தெய்வசிகாமணி அவருக்குச் சீடர். குருவை விடப் பதினேழு வயது மூத்த சீடர். அரசு நெல் கிடங்கில் முப்பத்திரண்டு வருஷம் தரம் பார்த்தவர். மூட்டையை அவிழ்க்க மாட்டார். குத்தூசியை அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று என்று இறக்குவார். வந்து விழுந்த நெல்லைப் பல்லில் வைத்துக் கடிப்பார். "ஈரம். திருப்பி அனுப்பு." அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற பிறகும் கை ஓயவில்லை. சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் நுனி வளைந்த மெல்லிய ஊசி ஒன்று எப்போதும் இருக்கும். பலாப்பழம், புதுத் தலையணை, கல்யாண வீட்டு லட்டு, எதுவானாலும் ஊசி உள்ளே போய் வந்த பிறகுதான் அவரிடம் நல்ல பெயர் வாங்க முடியும்.

இப்போது அவர் முன்னால் இருந்தது மூட்டை இல்லை, மாப்பிள்ளை.

மகள் பூங்கோதைக்குப் பிடித்த பையன். பெயர் கார்வேந்தன். கப்பலில் எலக்ட்ரீஷியன். அப்பா தையல்காரர். வீடு தேடி வந்து பெண் கேட்டான். மூன்று வாரத்தில், ஒரு வியாழக்கிழமை, அவன் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் சரி என்றோ இல்லை என்றோ சொல்லிவிடச் சொன்னான். போகும்போது ஒரு துணிப்பையை நீட்டினான். உள்ளே மரப்பெட்டி. பெட்டியில் மூன்று சுருட்டுகள், ஒவ்வொன்றும் தனித்தனிக் கண்ணாடிக் குழாயில், இடுப்பில் தங்கநிறப் பட்டையோடு.

"உலகத்துலயே உசத்தின்னு சொல்லிக் கொடுத்தாங்க மாமா. நீங்க செவ்வாய்க்கிழமை ஒரு அம்மாவைப் பாக்கப் போவீங்களாமே. அவங்களுக்குக் குடுங்க."

'நான் செவ்வாய்க்கிழமை எங்கே போறேன்னு இவனுக்கு எப்படித் தெரியும்?' என்று நினைத்தார் தெய்வசிகாமணி. சந்தேகம் அங்கே பிறந்தது. பிறந்த அன்றே எழுந்து நடக்கவும் ஆரம்பித்தது.

முதல் சுருட்டைக் குழாயிலிருந்து எடுத்தார். காதோரம் வைத்து உருட்டினார். சரசரத்தது. அழுத்தினார். அமுங்கியது. பட்டையை நகத்தால் நெம்பி அடியில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார். எழுதவில்லை. எழுதாதது ஏன் என்று யோசித்தார். பிறகு ஊசியை எடுத்தார். அடி, நடு, நுனி. திருப்பிப் போட்டு மறுபடி அடி, நடு, நுனி. ஊசி முனையில் வந்த புகையிலைத் துணுக்கைக் கடித்துப் பார்த்தார். குறை எதுவும் தெரியவில்லை. அதுதான் அவரை உறுத்தியது. விரலில் எச்சில் தொட்டு ஓட்டைகளை நீவி மூடி, குழாயில் போட்டு வைத்தார். அதிகாரி கை. வெளியே தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை. வேலம்மை சுருட்டை வாங்கிப் பார்த்தார். ஒருமுறை விரலால் தடவினார். தெய்வசிகாமணியின் முகத்தைப் பார்த்தார். பற்றவைத்தார்.

"கேளுங்க ஐயா."

"அம்மா, ஒரு பையன் வந்திருக்கான். நம்பிப் பொண்ணைக் கொடுக்கலாமா?"

"பையன் எப்படி?"

"நல்லவனாத்தான் தெரியறான். அதான் யோசனையா இருக்கு."

சுருட்டு ஒரு பக்கமாக எரிந்தது. இடப்பக்கம் விறுவிறுவென்று போக, வலப்பக்கம் அப்படியே நின்றது. வேலம்மை இழுத்தார். கன்னம் குழிந்ததுதான் மிச்சம். மேல் இலை பிளந்து உரிந்தது. நெருப்பு கண்ணை மூடிக்கொண்டது.

"அணைஞ்சு போச்சு" என்றார் வேலம்மை.

"இவ்வளவு உசத்திச் சுருட்டு ரெண்டு அங்குலம்கூட எரியலையே அம்மா!"

"யாரோ இதுல வேலை காட்டியிருக்காங்க."

தெய்வசிகாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பத்திரண்டு வருஷம் இந்த வார்த்தையைத்தான் அவர் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார். அவரிடம் யாரும் சொன்னதில்லை.

"யாரு அம்மா?"

"சுருட்டு அணைஞ்சு போச்சு ஐயா. அடுத்த செவ்வாய்."

அந்த வாரம் தெய்வசிகாமணி விசாரணையில் இறங்கினார். கார்வேந்தனுக்கு போன் போட்டு மூக்கால் பேசினார். "ஹலோ, கூரியர் ஆபீஸ். உங்க பேருக்குப் பார்சல் வந்திருக்கு. வெளிநாட்டுல என்னென்ன சாமான் வாங்கினீங்க, சொல்லுங்க."

"மாமா, சளி பிடிச்சிருக்கா?" என்றான் கார்வேந்தன்.

மறுநாள் குரலைக் கனமாக்கி, பேங்க் மேனேஜரானார். "மாமா, சாப்டீங்களா?" என்றான். மூன்றாம் நாள் பெண்குரலில் அவன் பழைய சிநேகிதி மாதிரி பேசிப் பார்த்தார். எதிர்முனையில் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "மாமா, இதுக்கு நான் என்ன பதில் சொல்லணும்னு நீங்களே சொல்லிடுங்க. சொல்லிடறேன்" என்றான்.

'பாரு, ஒவ்வொரு தடவையும் கண்டுபிடிச்சிடறான். எவ்வளவு தந்திரக்காரனா இருக்கணும்!' என்று குறித்துக்கொண்டார்.

இரண்டாவது சுருட்டுக்கு இன்னும் கடுமையான சோதனை. ஊசி அடி, நடு, நுனியோடு நிற்கவில்லை. இடைப்பட்ட ஊர்களிலும் இறங்கி ஏறியது.

இரண்டாவது செவ்வாய். வேலம்மை பற்றவைத்தார். இழுத்தார். புகை வாய்க்கு வரவில்லை. சுருட்டின் வயிற்றிலிருந்து நூல் நூலாக வெளியே போனது, புல்லாங்குழலை யாரோ புகைக்கிற மாதிரி.

"பாத்தீங்களா அம்மா! போலி. பையனே போலி!"

"இலை நல்ல இலை ஐயா. சுத்தின கையும் சுத்தமான கை. எனக்குத் தெரியும். அதுக்கப்புறம்தான் யாரோ கை வெச்சிருக்காங்க."

"அடையாளம் ஏதாவது?"

"ஒரே ஆள் வேலை. பழகின கை. முப்பது வருஷமாவது அனுபவம் இருக்கும்."

பையனுக்கே வயது இருபத்தொன்பது. தெய்வசிகாமணியின் நெற்றி சுருங்கியது.

"ஊசி பிடிச்ச கை" என்றார் வேலம்மை. சுருட்டு அணைந்தது.

தெய்வசிகாமணி தொடையில் தட்டினார். "தையல்காரர்! அவங்க அப்பன்! துணிப்பை தெச்சதே அந்த ஆள்தான். எனக்கு அப்பவே தோணுச்சு."

வேலம்மை கொள்ளிடத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் இரண்டு முறை குலுங்கியது. இருமல் என்று தெய்வசிகாமணி நினைத்தார்.

"அம்மா, விதியை மீறி ஒண்ணே ஒண்ணு. ஆளைக் கையும் களவுமா பிடிக்க வழி சொல்லுங்க."

வேலம்மை திரும்பினார். முகம் கோயில் சிலை மாதிரி இருந்தது. "மூணாவதை நீங்க தொடாதீங்க. தொட்டா தடயம் அழிஞ்சிடும். பெட்டியைப் பொண்ணுகிட்ட குடுங்க. அவ எடுத்து நேரா இங்க கொண்டு வரட்டும்."

தடயம்! தெய்வசிகாமணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்த மாதிரி குரு யாருக்குக் கிடைக்கும்?

போகிற வழியிலேயே தையல் கடைக்குப் போனார். சட்டை தைக்கிற சாக்கில் அளவு கொடுத்தபடி, ஊசிகளை எண்ணினார்.

"சம்பந்தி, மூச்சை விடுங்க" என்றார் தையல்காரர். "சந்தேகமா பாக்கறப்போ மூச்சை இழுத்துப் பிடிச்சிடறீங்க. அளவு தப்பா வருது."

"யாரு சம்பந்தி? இன்னும் முடிவாகலை."

தையல்காரர் டேப்பைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அன்று முதல் கார்வேந்தன் போன் எடுப்பதை நிறுத்தினான்.

"ஒளியறான்" என்றார் தெய்வசிகாமணி.

"ஒளியலைப்பா" என்றாள் பூங்கோதை. "என்கிட்ட சொல்லிட்டார். உங்க அப்பாவுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்குள்ள ஒண்ணுமே மிச்சமில்லைன்னார். வியாழக்கிழமை கிளம்பறார்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவர் அதையும் ஒரு தடயமாக எடுத்துக்கொண்டிருப்பார்.

மூன்றாவது செவ்வாய். பூங்கோதை துணிப்பையோடு முன்னால் நடந்தாள். தெய்வசிகாமணி நான்கடி பின்னால், பையிலிருந்து கண்ணை எடுக்காமல் வந்தார். இரண்டு முறை கை நீண்டது. இரண்டு முறையும் தடயம் ஞாபகம் வந்து மடங்கியது.

வேலம்மை குழாயைத் திறந்தார். பற்றவைத்தார்.

சுருட்டு எரிந்தது. வட்டம் பிசகாமல் எரிந்தது. புகை கெட்டியாக வந்தது. சாம்பல் வெள்ளை வெளேரென்று உதிராமல் நீண்டது. கொட்டகை முழுக்கப் பழைய மரமும் வெல்லமும் கலந்த மணம்.

"கேளுங்க ஐயா" என்றார் வேலம்மை. "இன்னைக்கு நேரம் நிறைய இருக்கு."

தெய்வசிகாமணி சுருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது மட்டும் எப்படி அம்மா எரியுது?"

"அதுவா உங்க கேள்வி?"

"ரெண்டு எரியலை, மூணாவது எரியுதுன்னா சும்மா விடற விஷயமா? மாட்டிக்குவோம்னு தெரிஞ்சு மாத்தி வெச்சிருக்காங்க."

"அப்பா" என்றாள் பூங்கோதை. "பாதி எரிஞ்சு போச்சுப்பா."

"நீ சும்மா இரு. அம்மா, நான் முறையா விசாரிக்கிறேன். நீங்க சாட்சி." அவர் குரல் கிடங்குக் குரலாக மாறியது. "பூங்கோதை, இந்தச் சுருட்டை யார் யார் தொட்டது?"

"அவர் வாங்கினார். அவங்க அப்பா பைக்குள்ள வெச்சார். நான் எடுத்துட்டு வந்தேன். இப்ப அம்மா கையில இருக்கு."

"முதல் ரெண்டை?"

"அவர், அவங்க அப்பா, அம்மா. நான் தொடலை."

"ஆக, பையன் மூணையும் தொட்டிருக்கான். தையல்காரரும் மூணையும் தொட்டிருக்கார். அவங்க ரெண்டு பேர்ல யாராவது வேலை காட்டியிருந்தா மூணும் கெட்டிருக்கணும். கெடலை. அப்ப அவங்க இல்லை." விரலை விரித்து மடக்கினார். கண் பளபளத்தது. பணியில் இருந்த காலத்தில்கூட இப்படி ஒரு பிடி கிடைத்ததில்லை. "அம்மாவும் மூணையும் தொட்டிருக்காங்க. அவங்களும் இல்லை. அப்படின்னா முதல் ரெண்டையும் தொட்டு, மூணாவதைத் தொடாத ஆள் ஒருத்தன் இருக்கான். அவன்தான்! பழகின கை. ஊசி பிடிச்ச கை. முப்பது வருஷம்..."

நிறுத்தினார்.

காற்று கொட்டகைத் தகரத்தை ஒருமுறை தட்டிவிட்டுப் போனது. பூங்கோதை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அழுத்தியும் நிற்கவில்லை. மூன்று வாரமாக அவளுக்குள் அடைந்து கிடந்த சிரிப்பு. கண்ணில் நீரோடு வந்தது.

தெய்வசிகாமணி சிரிக்கவில்லை. விரித்த விரல்கள் விரித்தபடியே இருந்தன.

வேலம்மை சுருட்டை விரல்களுக்கு நடுவில் திருப்பிப் பார்த்தார்.

"ஆளைப் பிடிச்சிட்டீங்க, சரி. இன்னும் ஒரு விரல்கடை பாக்கியிருக்கு ஐயா. யாரையோ நம்பலாமான்னு கேக்க வந்தீங்களே. அது யாரை?"