சுற்றுப்படத்தில் இல்லாதவன்

மத்தியதரைக் கடலோரத்தில் சந்தவேரா என்று ஒரு பழைய பட்டணம். மலைச்சரிவில் அடுக்கடுக்காக வெள்ளை வீடுகள், அடியில் படகுத்துறை. சூரை மீனுக்குப் படகுகள் கிளம்புகிறதற்கு முந்தின நாள், துறை முற்றத்தில் சனமெல்லாம் வட்டம் கட்டி நிற்கும். நடுவில் கேமரா. சாவி கொடுத்துவிட்டால் அது தானே ஒரு முழுச் சுற்று சுற்றும். ஊர், கடல், சனம் எல்லாம் ஒரே நீளப் படமாக விழும்.

அந்தப் படத்தில் யார் இல்லையோ, அந்த வருசம் கடல் அவரை எடுத்துக்கொள்ளும். ஊருக்கு அப்படி ஒரு பயம்.

இருபத்திரண்டு வருசமாகப் படம் எடுத்தவள் நுன்சியா. ஸ்டாண்டைக் கையால் பிடித்தபடி, கேமராவுக்குப் பின்னாலேயே ஒட்டி நடந்து சுற்றுவாள். பழைய படங்களெல்லாம் கோயில் கூடத்தில் தொங்கின. ஒவ்வொன்றிலும் கீழே நீளமாக ஒரு கறுப்பு. கேமரா பழசு, அதுதான் கறை விழுகிறது என்று தூரி நினைத்துக்கொள்வான்.

தூரி அவளுடைய சீடன். அவளைவிட ஆறு வயசு மூத்தவன். ஆனாலும் தொழில் சொல்லிக்கொடுத்தவள் என்று 'அம்மா' என்பான். முன்னே கடலுக்குப் போனவன்தான். படகு கவிழ்ந்து, கூட வந்த மூணு பேர் போய், இவன் ஒருத்தன் மட்டும் கரை ஒதுங்கினான். அப்புறம் கணுக்கால் தண்ணீரில்கூட இறங்கியதில்லை.

அந்த வருசம் நுன்சியா, நீ எடு என்றாள். நாலு மணிக்கு மேல் எடு, ஸ்டாண்டை விட்டு நகராதே. அவ்வளவுதான் சொன்னாள்.

தூரி கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான்.

"பின்னால நிக்கிறவன் படத்துல வரமாட்டானே அம்மா."

"எடுத்துப் பாரு."

மறுநாள் உச்சி வெயிலிலேயே அவன் மணியை அடித்துவிட்டான். சீக்கிரம் முடிந்தால் போதும் அவனுக்கு. அடுப்பைப் பாதியில் விட்டு, ஈரக் கையோடு சனம் முணுமுணுத்துக்கொண்டு வந்தது. நுன்சியா ஒருதரம் வானத்தைப் பார்த்தாள். போய் வட்டத்தில் நின்றாள்.

படகுக்காரன் ரோக்கோவுக்கு வாய் சும்மா இருக்காது. "தூரி, ஒருதரம் கடல் உன்னைத் துப்பிருச்சு. உப்பு பத்தலையோ என்னமோ, மறுபடி கேக்குது பாரு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

தூரி கேமராவை முடுக்கினான். அடுத்த நொடி ஸ்டாண்டை விட்டுவிட்டு ஓடிப்போய், ரொட்டிக்கடைக்காரிக்கும் தூணுக்கும் நடுவில் தன்னைச் செருகிக்கொண்டான். காற்று அடித்தது. மீன் வழுவழுப்பில் ஸ்டாண்டின் ஒரு கால் சறுக்கியதை யாரும் பார்க்கவில்லை.

கழுவிப் பிரிண்டு போட்டபோது மணி மூணு. தூணோரம் வாயைத் திறந்தபடி தூரி இருந்தான். கோயில் பக்கம் வரவேண்டிய இடத்தில் வெறும் வானம். அங்கே நின்ற ரோக்கோவும் அவன் படகாட்கள் ஆறு பேரும் படத்தில் இல்லை.

தூரி அதை ஒளிக்கிறதற்குள் ரோக்கோவின் பெண்சாதி பீனா வாசலில் நின்றாள். படத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரலால் தடவிப் பார்த்தாள். திரும்பவும் தடவினாள். நேராகத் துறைக்குப் போனாள். போய், ரோக்கோ படகின் துடுப்புகளை வீட்டுக்குத் தூக்கிப்போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். ரோக்கோ வலையை மடியில் போட்டுக்கொண்டு துறையில் இருந்தான். யாரையும் கேலி பண்ணவில்லை.

தூரி நுன்சியாவிடம் போனான். படத்தை அவள்முன் விரித்தான்.

"என்னைக் காப்பாத்திக்கிட்டேன் அம்மா. ஏழு பேரை விட்டுட்டேன்."

அவள் கோபிக்கவில்லை. கடலுக்குமேல் சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்த்தாள்.

"இன்னும் வெயில் இருக்கு. போய் மணியை அடி."

சனம் மறுபடி கூடியது. இந்தத் தடவை சிரிப்பில்லை. பீனா கடைசியாக வந்தாள், கையில் ஒரு துடுப்போடு. கீழே வை என்றால் வைக்க மாட்டேன் என்றாள். துடுப்பும் அது பாட்டுக்கு வட்டத்தில் நின்றது.

தூரி ஸ்டாண்டைப் பிடித்தான். முடுக்குவதற்கு முன்னால், அங்கிருந்தே கேட்டான். வட்டம் முழுக்கக் கேட்டது.

"இருபத்திரண்டு வருசம் நீங்க இங்கதானே நின்னீங்க. உங்களுக்குப் பயமே இல்லையாம்மா?"

"வருசா வருசம் பயம்தான்" என்றாள் நுன்சியா.

அவன் முடுக்கினான். கேமரா கடலைப் பார்த்தது, படகுகளைப் பார்த்தது, ரோக்கோவையும் ஆறு பேரையும் பார்த்தது. மெல்ல ஊர்ப்பக்கம் திரும்பியது. இப்போது வெயில் தூரியின் முதுகில். முன்னால் கல்தரையில் ஒரு நிழல் நீளமாக, கறுப்பாகக் கிடந்தது. கேமரா, ஸ்டாண்டு, அதைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள்.

ஐயோ, இது படத்தில் விழுந்துவிடுமே என்று தூரி விலகப் பார்த்தான்.

"அசையாதே தூரி" என்றாள் நுன்சியா, வட்டத்திலிருந்து. "நாலு மணிக்கு மேல எடுன்னு வேற எதுக்குச் சொன்னேன்?"