எண்பது சொன்ன வீடு

மாட்டுச் சந்தையில் இருபது வருஷம் தரகு பார்த்துவிட்டு, ஒரு வியாழக்கிழமை சந்தை பாதியில் இருக்கும்போதே எழுந்து போனவர் அவர். ஏன் போனார் என்று கேட்டவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. ஊருக்கு வடக்கே, தண்ணீர் கண்டு வெகுகாலம் ஆன ஏரியின் கரையில், ஒரு கல் மண்டபத்தில் தங்கிவிட்டார். ஊர் அவரைத் தரகர் சாமி என்றது. வயது ஐம்பதுக்குள்தான் இருக்கும்.

அவரிடம் பாடம் கேட்க வருகிறவர்கள் நாலைந்து பேர். அதில் மூத்தவர் சென்னியப்பன். அறுபத்துநாலு வயது. பஞ்சாயத்து யூனியனில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். தன்னைவிடச் சின்னவரைச் சாமி என்று கும்பிடுகிறாரே என்று ஊரில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. வேறு ஒரு சிரிப்புத்தான் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் தன் வீட்டை விற்பதென்று முடிவு செய்தார். விஷயம் டீக்கடைக்கு வந்தது. "என்ன விலை சொல்றீங்க?" என்று யாரோ கேட்டார்கள். சுற்றிலும் பத்துப் பேர் இருந்தார்கள். சென்னியப்பன் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எண்பது லட்சம். ஒரு ரூபா குறையாது."

அவ்வளவுதான். அன்றிலிருந்து அது எண்பது வீடு. தபால்காரர் எண்பது வீட்டுக்குக் கடுதாசி என்றார். மினி பஸ் கண்டக்டர், எண்பது வீட்டுக்காரங்கல்லாம் இறங்குங்க என்று குரல் கொடுத்தான். சொன்ன வாய்க்குச் சொந்தக்காரர் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார். விலையைக் குறைத்தால் அந்தக் கண்டக்டர் என்ன சொல்லுவான் என்பதே அவருக்கு ஒரு பயமாகிவிட்டது.

வீடு அப்பா கட்டியது. பாதி அவருக்கு, பாதி அக்கா ராமாத்தாளுக்கு என்று உயில் எழுதிவிட்டுப் போனார். அக்காவுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. வேலை பார்த்த அரிசி மில்லின் பின்கட்டில், மூட்டை அடுக்கும் கொட்டகையில் ஒரு மூலையைத் தடுத்து இருந்தாள். முப்பது வருஷத் தவிட்டுத் தூசி அவள் நெஞ்சில் இறங்கியிருந்தது. தனக்கென்று ஒரு அறை, பக்கத்திலேயே ஒரு குழாய், நடுராத்திரியில் எழுந்தால் ரோட்டைத் தாண்டாமல் போக ஒரு கக்கூஸ். சாவதற்குள் அது போதும், தம்பி குடியிருக்கும் வீட்டில் வந்து ஒண்ட மாட்டேன் என்றாள். வீட்டை விற்கலாம் என்று சென்னியப்பன் கிளம்பியதே அவளுக்காகத்தான்.

முதல் வருஷம் நூல் வியாபாரி ஒருவர் வந்தார். அறுபத்திரண்டு என்றார். சென்னியப்பன் அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவைத்தார்.

இரண்டாவது வருஷம் பேங்கில் வேலை பார்க்கும் புருஷன் பெண்சாதி வந்தார்கள். சென்னியப்பன் ஊஞ்சலைக் காட்டினார். அந்தப் பெண் மேற்குச் சுவரை விரலால் தட்டினாள். பூச்சு உதிர்ந்து அவள் செருப்பில் விழுந்தது. ஐம்பத்தைந்து என்றார்கள். காபி கொடுக்கவில்லை.

அப்புறம் பதினோரு மாசம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. போன வாரம் லாரி வைத்திருக்கும் ஒருவர் வந்தார். வாசலில் நின்றபடியே அண்ணாந்து பார்த்தார். உள்ளே வரக்கூட இல்லை.

"நாப்பத்தாறு தர்றனுங்க. இடிச்சுப் போட்டுத்தான் கட்டோணும். மண்ணுக்குண்டான வெலைதான்."

"வெளிய போய்யா," என்றார் சென்னியப்பன்.

அவரும் ஒரு காலத்தில் இப்படி அண்ணாந்து பார்த்தவர்தான். பள்ளிக்கூடக் கட்டிடம், சத்துணவுக் கூடம், எதுவானாலும் வருஷத்துக்கு இவ்வளவு தேய்மானம் என்று ஈவிரக்கம் இல்லாமல் கழித்து எழுதுவார். ஆபீசில் அவர் பேனாவுக்கு ஒரு பயம் இருந்தது. அந்தப் பேனா சொந்த வீட்டுப் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

லாரிக்காரரை விரட்டிய மறுநாள் அக்காவைப் பார்க்கப் போனார். கமலா ஆரஞ்சு வாங்கிப் போயிருந்தார். தை பிறந்ததும் மில்லை இடிக்கப் போகிறார்கள் என்று அக்கா சொன்னாள். கார்த்திகை முடிய இன்னும் நாலே நாள், அப்புறம் மார்கழி ஒன்றுதான் மிச்சம்.

"நீ கவலைப்படாதக்கா. உனக்கு நாப்பது வரும்."

"மூணு வருசமா வருதேடா தம்பி."

சென்னியப்பன் ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். அக்கா இருமி முடித்தாள்.

"தம்பி, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. விக்க மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு. நான் எங்கியோ கெடந்துக்குவேன். வருது வருதுங்கறயே, அதுதான் தாங்க முடியல."

உரித்த சுளையை அவள் கையில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். அவருக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. அவளுக்காக இத்தனை நாள் ஊர்ச்சிரிப்பைச் சுமந்தவனிடம் அவளே இப்படிப் பேசலாமா?

மறுநாள் காலையில் மண்டபத்துக்குப் போனார். சாமி முறத்தில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒரு கேள்விங்க."

"கேளுங்க."

"வெலையக் கொறைக்கறதுங்களா, இல்ல இன்னும் காத்திருக்கறதுங்களா?"

"மூணு பேர் வந்து பாத்தாங்களே?"

"அவங்க வீட்டப் பாக்கலீங்க சாமி. செவுத்தத் தட்டிப் பாத்தாங்க, ஓட்டையப் பாத்தாங்க. அது எப்படியாப்பட்ட வீடுன்னு ஒருத்தரும் பாக்கல."

சாமி ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டார்.

"அக்கா எப்படி இருக்காங்க?"

"இருமல்தானுங்க. தைக்கு மில்ல இடிக்கறாங்களாம்."

"அவங்க எங்க போவாங்க?"

"அதுக்குத்தானுங்களே நான் எண்பதுல நிக்கறேன்! எனக்காகவா நிக்கறேன்? எண்பதுன்னா பாதி அக்காவுக்கு நாப்பது. அந்த லாரிக்காரனுக்குக் குடுத்தா இருபத்துமூணு. கூடப் பொறந்தவளுக்கு அந்த அநியாயத்தப் பண்ணுவனுங்களா நானு?"

அவர் குரல் மண்டபத்தில் மோதித் திரும்பியது. அந்த நியாயத்தை அவர் பலபேரிடம் சொல்லியிருக்கிறார். சொல்லச் சொல்ல அது அவருக்கே உறுதியாகிக்கொண்டு வந்தது.

சாமி முறத்தை ஓரமாக வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார்.

"கையக் குடுங்க."

சென்னியப்பனுக்குப் புரிந்தது. சந்தையில் மாட்டுக்கு விலை பேசுகிறவர்கள் வாயால் பேசமாட்டார்கள். துண்டைப் போட்டு மூடி, அதற்குள் கையோடு கை சேர்த்து, விரலைப் பிடித்துத்தான் விலை சொல்லுவார்கள். நான்கு பக்கமும் ஆள் நின்றாலும் விலை அந்த இரண்டு கைகளுக்குத்தான் தெரியும். சாமி சந்தையை விட்ட பிறகு யார் கைமேலும் துண்டு போட்டதில்லை. இன்று தனக்காகப் போடுகிறார். நல்ல விலை ஒன்றைச் சொல்லத்தான் போகிறார் என்று சென்னியப்பன் நம்பினார். கையை நீட்டினார். துண்டு மேலே விழுந்தது.

"நான் விக்கறவன்," என்றார் சாமி.

"சாமி?"

"வீடு என்னோடது. நீங்க வாங்க வந்திருக்கீங்க. ஒரு வெரலுக்குப் பத்து லட்சம். புடிங்க."

"என்னோட வீட்டுக்கு நானே எப்படீங்க சாமி...?"

"உங்க வீடு இல்லீங்க. ஊர்ல எவனோ ஒருத்தன் வீடு. பணம் மட்டும் உங்க பணம். புடிங்க."

சாமி கண்ணை மூடிக்கொண்டார். அவர் கை துண்டுக்குள் அசையாமல் விரிந்திருந்தது.

சென்னியப்பன் முதலில் தேக்குக் கதவை நினைத்தார். எவனோ ஒருத்தனின் தேக்குக் கதவு. கீழ்ச்சட்டத்தில் கரையான். மேற்குச் சுவர் முழுக்க உப்புப் பூத்திருக்கிறது. மொட்டைமாடித் தளம் மூன்று இடத்தில் ஒழுகுகிறது. ஒயரிங் மொத்தமும் மாற்ற வேண்டும். சந்து அகலம் ஒன்பதடி, மணல் வண்டி உள்ளே வராது. கட்டி நாற்பத்தேழு வருஷம். பழைய ஓவர்சியர் தன் வேலையை மறந்திருக்கவில்லை. முப்பத்துநாலு வருஷம் செய்த வேலை, கேட்ட மாத்திரத்தில் வந்து நின்றது.

அவர் சாமியின் சுண்டுவிரலைப் பிடித்தார். அடுத்த விரலை. அடுத்ததை. ஆள்காட்டி விரலைப் பிடிக்கும்போது கொஞ்சம் தயங்கினார். பிடித்தார். கட்டைவிரல் வரைக்கும் கை போனது. அங்கே நின்று, திரும்பி வந்தது.

"நாலுங்களா?" என்றார் சாமி.

சென்னியப்பன் இன்னொரு தடவை விரல்களைத் தடவிப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சுக்கங்க. நான் அவசரப்படுத்தல."

"நாலுதானுங்க," என்றார் சென்னியப்பன்.

"நாப்பத்தாறு சொன்னவர வெளிய போன்னு சொன்னீங்களாமே."

சென்னியப்பன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். சாமி விடவில்லை.

"அப்ப எண்பதுல மிச்சம் நாப்பது இருக்குதே. அது என்னதுங்க?"

சென்னியப்பன் துண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தெக்கால ரூமுலதானுங்க என் சம்சாரம் சரசு ரெண்டு வருசம் படுத்துக் கெடந்தா. மருந்து வாசம் இன்னும் போகல. அவ போனப்பறம் நான் அந்த ஜன்னலத் தெறக்கறதே இல்லீங்க. தெறந்தா போயிருமில்லீங்களா?" அவர் மூக்கை உறிஞ்சினார். "எங்கப்பா பாறைக்கு வேட்டு வெச்சுக் கெணறு எடுத்தாரு. அதுல ஒரு கண்ணு போச்சு அவருக்கு. தண்ணி இப்ப இல்ல. கெணறு இருக்குது. இதையெல்லாம் நான் என்னன்னு சொல்றது சாமி? எதுல சேக்கறது?"

"வாங்கறவங்க அதுக்குக் குடுப்பாங்களா?"

"மாட்டாங்க."

"தெரியுங்களா உங்களுக்கு?"

"தெரியுமுங்க."

"மூணு வருசமாவே தெரியுங்களா?"

ஏரிக்குள் யாரோ ஆடு ஓட்டிக்கொண்டு போனார்கள். காய்ந்த சேற்றில் குளம்புச் சத்தம் கேட்டு, அடங்கியது.

"தெரியுமுங்க சாமி," என்றார் சென்னியப்பன். இந்தமுறை அவர் அழுவதை மறைக்கவில்லை. "எண்பதுன்னு சொன்னா ஒருத்தனும் வாங்க மாட்டான்னு எனக்குத் தெரியுமுங்க. அத வித்துப்போட்டு நான் எங்கீங்க போவேன்?"

சாமி தலையை ஆட்டினார். அவர் முகத்தில் கோபமும் இல்லை, வெற்றியும் இல்லை. சென்னியப்பனின் கையை இன்னொரு கையாலும் மூடிக்கொண்டார்.

"சரீங்க. அந்த நாப்பது உங்களுது. அத யாருக்கும் விக்க வேண்டாம். விக்கவும் முடியாது."

சென்னியப்பனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு வெளங்கலீங்க ஓவர்சியரய்யா," என்றார் சாமி. "எண்பதுல பாதி அக்காவுக்குன்னு இத்தன நாளாச் சொல்லிட்டிருக்கீங்களே... அது இதுல எந்தப் பாதிங்க?"